மண்ணில் உறங்கும் கரியும் இலையில் மிஞ்சும் சோறும்

(திருவிழாவையொட்டி ஆலய மண்டபத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

திருக்குறளில் கடவுள் வாழ்த்தை அடுத்து நிற்கும் அதிகாரம் வான்சிறப்பு. இறைவனைப் போற்றிய கையோடு மழையைப் போற்றுவது தமிழர் மரபு. அந்த மழை இன்று பருவம் தவறிப் பெய்கின்றது, பெய்தால் வெள்ளமாகின்றது, பொய்த்தால் புகைமூட்டமாகின்றது. காற்று மண்டலத்தில் கரியமில வாயு, மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு முதலிய பசுமை இல்ல வாயுக்கள் பெருகி, பூமியின் வெப்பத்தை வெளியேற விடாமல் தடுப்பதே இதற்கு அடிப்படைக் காரணம் என்பது அறிவியலார் ஒருமுகமாகக் கண்ட முடிவாகும்.

இவ்வாயுக்கள் எங்கிருந்து வருகின்றன என்று வினவினால், மின் நிலையம், தொழிற்சாலை, மோட்டார் வாகனம் என்று பள்ளிப் பிள்ளையும் விடை கூறும். அவ்விடை பிழையன்று, ஆயினும் முழு விடையன்று. மனிதன் பயிரிடும் நிலமும், அவன் சமைக்கும் உணவும், அவன் வீசியெறியும் எச்சமும் இக்கணக்கில் பெரும் பங்கு வகிக்கின்றன. பருவநிலை மாற்றத்திற்கான அரசுகளுக்கிடையேயான குழு 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட நிலம் பற்றிய சிறப்பறிக்கையின்படி, வேளாண்மை, காடு, பிற நிலப்பயன்பாடு ஆகியவற்றால் வெளியேறும் வாயுக்கள் மனிதச் செயல்களால் வெளியேறுவனவற்றில் ஏறத்தாழ 23 விழுக்காடு. பயிரிடுவது முதல் உண்டு முடிப்பது வரையிலான உணவு முறை முழுவதையும் கணக்கிட்டால் அது 21 முதல் 37 விழுக்காடு வரை ஆகும்.

மலேசியாவின் கணக்கு யாது? அதில் உணவும் நிலமும் எங்கே மறைந்து நிற்கின்றன? அவற்றைக் குறைக்கும் வழி என்ன? இம்மூன்று வினாக்களுக்கும் விடை காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

நாட்டின் வரவு செலவு

ஓர் ஆலயத்திற்கு ஆண்டறிக்கை இருப்பதுபோல, ஒவ்வொரு நாடும் தன் வாயுக் கணக்கினை ஐக்கிய நாடுகள் அமைப்பிடம் ஒப்படைக்கின்றது. மலேசியா 2022ஆம் ஆண்டில் ஒப்படைத்த அறிக்கையின்படி, 2019ஆம் ஆண்டில் இந்நாட்டிலிருந்து வெளியேறிய வாயுக்கள், கரியமில வாயுவின் அளவில் கூறுவதானால், ஏறத்தாழ 330 மில்லியன் டன். அதில் எரிசக்தித் துறையின் பங்கு ஐந்தில் நான்கிற்குச் சற்றுக் குறைவு. கழிவுத் துறை 9 விழுக்காட்டை ஒட்டியும், வேளாண்மை 3 விழுக்காட்டை ஒட்டியும் நின்றன. மறுபுறம், காடுகளும் பிற நிலங்களும் அதே ஆண்டில் ஏறத்தாழ 215 மில்லியன் டன்னை உள்ளிழுத்துக் கொண்டன.

இதனைப் பார்ப்போர் இரண்டு முடிவுகளுக்கு வரக்கூடும். வேளாண்மையின் பங்கு வெறும் 3 விழுக்காடுதானே என்பது ஒன்று. காடுதான் மூன்றில் இரண்டு பங்கை ஈர்த்துவிடுகின்றதே, பின் ஏன் கவலை என்பது மற்றொன்று. இரண்டும் மேலோட்டமான முடிவுகளே.

முதலாவதற்கு விடை: உணவின் கணக்கு ஒரே பத்தியில் எழுதப்படுவதில்லை. குப்பைமேட்டில் அழுகும் சோறும், எண்ணெய் ஆலையின் கழிவுநீரும் கழிவுத் துறையில் சேரும். உரத் தொழிற்சாலையின் புகை தொழில்துறையில் சேரும். காய்கறி லாரியின் டீசல் எரிசக்தியில் சேரும். நீர் வடிக்கப்பட்ட சதுப்பு நிலத்திலிருந்து எழும் கரியமில வாயு நிலப்பயன்பாட்டில் சேரும். இவ்வாறு பல பத்திகளில் சிதறிக் கிடப்பதால் உணவின் பங்கு சிறிதாகத் தோன்றுகின்றது.

இரண்டாவதற்கு விடை: காடு என்பது வைப்புத் தொகை போன்றது. அதனை அழித்தால் ஆண்டுதோறும் வரும் வட்டியும் நிற்கும். சேர்த்து வைத்த முதலும் காற்றில் கரையும். இழப்பு ஒன்றன்று, இரண்டு.

தண்ணீருக்குள் உறங்கும் கரி

இந்நாட்டின் நிலக் கணக்கில் தலையாயது கரிமண் சதுப்பு நிலம். மலாய் மொழியில் 'தானா கம்புட்' என வழங்கும் இந்நிலம் மலேசியாவில் ஏறத்தாழ 2.5 மில்லியன் ஹெக்டர் உள்ளது. அதில் பெரும்பகுதி சரவாக்கிலும், எஞ்சியது சிலாங்கூர், பகாங், ஜொகூர், சபா முதலிய மாநிலங்களிலும் பரந்துள்ளது.

கரிமண் என்பது உண்மையில் மண்ணே அன்று. காட்டு மரங்களின் இலையும் கிளையும் வேரும் நீரில் வீழ்ந்து, காற்றுப் படாமையால் மட்காமல், பல்லாயிரம் ஆண்டுகளாக அடுக்கடுக்காகப் படிந்த பொருள் அது. கடலோரப் பகுதிகளில் இப்படிவு தோன்றத் தொடங்கி ஏறத்தாழ 5,000 ஆண்டுகள் ஆகின்றன. சில இடங்களில் அதன் ஆழம் 10 மீட்டரையும் தாண்டும். இயற்கை நிலையில் அதன் எடையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அத்தண்ணீரே அதன் காவல்.

வடிகால் வெட்டி அத்தண்ணீரை வெளியேற்றினால் என்ன நிகழும்? காற்று உள்ளே புகும். ஐயாயிரம் ஆண்டு மட்காதிருந்தது மட்கத் தொடங்கும். அதிலுள்ள கரி கரியமில வாயுவாக மாறி மேலெழும். நீர் வடிக்கப்பட்ட கரிமண்ணில் செம்பனை பயிரிட்ட ஒரு ஹெக்டரிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 40 டன் கரியமில வாயு வெளியேறுவதாக 2013ஆம் ஆண்டின் பன்னாட்டு வழிகாட்டி நூல் கணக்கிடுகின்றது. இது ஏறத்தாழ 17,000 லிட்டர் பெட்ரோலை எரிப்பதற்கு ஒப்பாகும். அந்த நிலத்தில் ஒரு தீக்குச்சி உரசப்படவில்லை. ஒரு மோட்டார் ஓடவில்லை. ஆயினும் இரவும் பகலும் வாயு எழுந்தவண்ணம் உள்ளது.

2009ஆம் ஆண்டில் மலேசியாவில் ஏறத்தாழ 666,000 ஹெக்டர் கரிமண்ணில் செம்பனை இருந்ததாகக் கணக்கெடுக்கப்பட்டது. மேற்கூறிய இரண்டு எண்களையும் பெருக்கினால் ஆண்டுக்கு 26 மில்லியன் டன்னுக்கு மேல் வருகின்றது. இது ஒரு தோராயக் கணக்கே. ஆயினும் அளவு எத்தகையது என்பதை அது உணர்த்திவிடும்.

வாயு மட்டுமன்று, நிலமும் போகின்றது. நீர் வடிந்த கரிமண் சுருங்கித் தாழ்கின்றது. முதல் ஐந்தாண்டுகளில் ஒரு மீட்டருக்கு மேலும், அதன்பின் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டரும் தாழ்வது ஆய்வுகளில் அளக்கப்பட்டுள்ளது. வேர் வெளிப்பட்டு மரங்கள் சாய்கின்றன. நிலம் தாழத் தாழ வடிகாலை மேலும் ஆழப்படுத்த வேண்டியுள்ளது. ஆழப்படுத்தினால் மீண்டும் தாழ்கின்றது. இறுதியில் நிலம் ஆற்று மட்டத்திற்கு இறங்கிவிட்டால் தண்ணீர் தானாக வடிய இடமின்றி, வயலும் வீடும் வெள்ளத்தில் நிற்கும். ஆகவே கரிமண்ணைக் காப்பது உலகிற்குச் செய்யும் உபகாரம் மட்டுமன்று. அந்நிலத்தில் வாழும் குடும்பங்களின் நாளைய கூரையைக் காப்பதுமாகும்.

கோலசிலாங்கூர் கூறும் பாடம்

இவை அனைத்தையும் ஒரே மாவட்டத்தில் காணலாம். சிலாங்கூரின் கோலசிலாங்கூர் வட்டாரத்தில், முன்பு பத்தாங் பெர்ஜுந்தை என்றும் இன்று பெஸ்தாரி ஜெயா என்றும் வழங்கும் ஊருக்கு அருகே, 'தென்னமரம்' என்னும் தமிழ்ப் பெயர் கொண்ட தோட்டம் உள்ளது. 1917ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோகொன்னியே அங்குதான் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைப் பயிரை நட்டார். 1960களுக்குப் பின் இரப்பர் மரம் நின்ற இடங்களில் செம்பனை விரைந்து பரவிற்று. காடு திருத்தியும், கால்வாய் வெட்டியும், குலை அறுத்தும் உழைத்தவர்களுள் தமிழர் பெரும் பங்கினர். பல ஆலயங்களின் முதற் கல் அத்தோட்ட மக்களின் கூலியிலிருந்தே வைக்கப்பட்டது. ஆதலின் செம்பனையைப் பழிப்பது எவருக்கும் எளிதன்று, தேவையுமன்று. ஒரே அளவு நிலத்தில் பிற எண்ணெய் வித்துகளைவிடப் பன்மடங்கு எண்ணெய் தருவது செம்பனை. குறை மரத்திலன்று, அது எந்த நிலத்தில், எம்முறையில் நடப்படுகின்றது என்பதில் உள்ளது.

அதே வட்டாரத்தில் ராஜா மூசா வனக் காப்பு நிலம் உள்ளது. வட சிலாங்கூர்க் கரிமண் காட்டின் ஒரு பகுதி அது. முன்னாளில் மரம் வெட்டுவோர் மரத் துண்டுகளை மிதக்கவிட்டு வெளியேற்றக் கால்வாய்கள் தோண்டினர். மரம் வெட்டுதல் நின்ற பின்னும் அக்கால்வாய்கள் காட்டின் நீரை உறிஞ்சி வெளியேற்றிக் கொண்டேயிருந்தன. காய்ந்த கரிமண்ணில் தீப் பிடித்தது. கரிமண் தீ நிலத்தடியே ஊர்ந்து செல்வது. மேலே நீர் ஊற்றினால் அணையாது. அது எழுப்பும் புகையின் கொடுமையை இந்நாடு மறக்கவில்லை. அண்டை நாட்டுத் தீயும் சேர்ந்துகொண்ட 1997ஆம் ஆண்டில் சரவாக்கிலும், 2005ஆம் ஆண்டில் கோலசிலாங்கூர், கிள்ளான் துறைமுகப் பகுதிகளிலும் புகைமூட்டத்தால் அவசரநிலை அறிவிக்கப்பட்டது.

2008ஆம் ஆண்டு முதல் சிலாங்கூர் வன இலாகாவும், உலகச் சுற்றுச்சூழல் மையம் என்னும் அரசு சாரா அமைப்பும், சுற்றுவட்டார மக்களும் இணைந்து ராஜா மூசாவைச் சீர்செய்யத் தொடங்கினர். அவர்கள் செய்த வேலை எளியது. கால்வாய்களின் குறுக்கே தடுப்புகள் கட்டி நீரைத் தேக்கினர். எரிந்த இடத்தில் மஹாங் போன்ற உள்ளூர் மரக் கன்றுகளை நட்டனர். நீர் நின்ற இடத்தில் தீ குறையும், மட்குவதும் குறையும்.

அக்காட்டை ஒட்டியே தஞ்சோங் காராங் நெல் வயல்கள் ஏறத்தாழ 20,000 ஹெக்டரில் விரிகின்றன. பெர்ணம் ஆற்று நீர் அக்காட்டின் வழியே வந்துதான் அவ்வயல்களை அடைகின்றது. காடு காய்ந்தால் வயலும் காயும். மேலே கரியைக் காக்கும் தண்ணீரே கீழே சோற்றையும் விளைவிக்கின்றது.

நிலத்திலும் ஆலையிலும் செய்யத்தக்கவை

முதலாவது, எஞ்சியுள்ள கரிமண் காட்டைத் தொடாதிருத்தல். 2019ஆம் ஆண்டில் மலேசிய அரசாங்கம் செம்பனைப் பரப்பிற்கு 6.5 மில்லியன் ஹெக்டர் என வரம்பு அறிவித்தது. கரிமண்ணில் புதிதாகப் பயிரிடுவது நிறுத்தப்படும் என்றும் கூறியது. இத்தகைய அறிவிப்புகள் காகிதத்தில் நின்றுவிடாமல் காப்பது மக்களின் விழிப்பே. கோலலங்காட் வடக்கு வனக் காப்பு நிலத்தின் ஒரு பகுதி அத்தகுதியிலிருந்து நீக்கப்பட்டது 2021ஆம் ஆண்டில் வெளியே தெரிந்தபோது, அங்கு வாழும் பூர்வகுடியினரும் பொதுமக்களும் எதிர்ப்புத் தெரிவித்தனர். அவ்வாண்டு செப்டம்பரில் மாநில அரசு அம்முடிவைக் கைவிட்டது. அமைதியான முறையில் எழுப்பிய குரலுக்குப் பயன் உண்டு என்பதற்கு இது சான்று.

இரண்டாவது, ஏற்கெனவே பயிரிட்ட கரிமண்ணில் நீர்மட்டத்தை உயர்த்துதல். வடிகால்களில் மதகு வைத்து, தரைக்குக் கீழே 40 முதல் 60 சென்டிமீட்டர் அளவில் நீரை நிறுத்தினால், மரமும் வாழும். மட்கும் வேகமும் தணியும். செம்பனையின் ஆயுள் ஏறத்தாழ 25 ஆண்டுகள். மறுநடவு செய்யும் வேளையில், மிகவும் தாழ்ந்துவிட்ட நிலத்தை மீண்டும் நீருக்கும் காட்டிற்கும் விட்டுவிடுவதே நல்லது. அவ்வாறு விடும் சிறு தோட்டக்காரருக்கு மாற்று வருமானம் தருவது அரசின் கடமையாகும். உலகின் நன்மைக்காக ஏழையின் அடுப்பை அணைக்கச் சொல்வது அறமன்று.

மூன்றாவது, எரிக்காமல் மறுநடவு செய்தல். பழைய மரங்களை வெட்டித் துண்டாக்கி, நிலத்திலேயே மட்க விட்டு, புதுக் கன்று நடும் முறையை இந்நாட்டுத் தோட்ட நிறுவனமான கோல்டன் ஹோப் முன்னின்று வளர்த்து, 1992ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் விருதையும் பெற்றது.

நான்காவது, எண்ணெய் ஆலையின் கழிவுநீர். ஒரு டன் எண்ணெய்க்கு ஏறத்தாழ 3 டன் கழிவுநீர் உண்டாகின்றது. அது திறந்த குளங்களில் தேங்கும்போது மீத்தேன் எழுகின்றது. நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைவிட 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைப்பது. குளத்தை மூடி அவ்வாயுவைப் பிடித்தால் அதுவே மின்சாரமாகும். 2014ஆம் ஆண்டு முதல் புதிய ஆலைகள் வாயுவைப் பிடிக்கும் வசதியோடு அமைய வேண்டும் என மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம் விதித்தது. பழைய ஆலைகள் அனைத்தும் அவ்வழிக்கு வருவதே அடுத்த படி.

ஐந்தாவது, நெல் வயல். எப்போதும் நீர் நிற்கும் வயற்சேற்றில் மீத்தேன் உண்டாகின்றது. பிலிப்பைன்சிலுள்ள பன்னாட்டு நெல் ஆய்வு நிலையம் பரப்பிய முறையில், துளையிட்ட குழாய் ஒன்று வயலில் பதிக்கப்படும். நீர் தரைக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கும் வரை பொறுத்து, பின்னரே மீண்டும் பாய்ச்சுவர். பூக்கும் பருவத்தில் மட்டும் நீர் குறையாது பார்த்துக்கொள்வர். இதனால் விளைச்சல் குறையாமலே மீத்தேன் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைகின்றது, தண்ணீரும் மிச்சமாகின்றது.

இவ்விடத்தில் ஒருவர் ஐயுறலாம். கரிமண்ணில் நீரை நிறுத்தச் சொல்வதும், நெல் வயலில் நீரை வடியச் சொல்வதும் முரணல்லவா? முரணன்று. கரிமண் ஐயாயிரம் ஆண்டுச் சேமிப்பு. அதைக் காக்க நீர் வேண்டும். வயலின் சேறு இவ்வாண்டு வைக்கோலும் வேரும் அழுகுமிடம். அதற்குச் சிறிது காற்று வேண்டும். எந்த மண்ணுக்கு எவ்வளவு நீர் என்று அறிந்து நடப்பதே உழவின் அறிவு.

இலையில் மிஞ்சுவது

தோட்டமும் வயலும் ஆலையும் பலருக்கு எட்டாத் தொலைவில் இருக்கலாம். சாப்பாட்டு இலை எவருக்கும் தொலைவில் இல்லை.

உலகில் விளையும் உணவில் 25 முதல் 30 விழுக்காடு வீணாகின்றது என்று முற்கூறிய 2019ஆம் ஆண்டு அறிக்கை கூறுகின்றது. மலேசியாவில் நாள்தோறும் ஏறத்தாழ 17,000 டன் உணவுக் கழிவு சேர்வதாகவும், அதில் ஏறத்தாழ 4,000 டன் உண்ணத்தக்க நிலையிலேயே எறியப்படுவதாகவும் திடக்கழிவு நிர்வாகக் கழகம் தெரிவித்துள்ளது. அந்த 4,000 டன்னைக் கொண்டு ஏறத்தாழ 3 மில்லியன் மக்களுக்கு மூன்று வேளையும் உணவளிக்கலாம் எனவும் கூறப்பட்டது.

வீணாவது சோறு மட்டுமன்று. அதற்குப் பாய்ந்த நீரும், இட்ட உரமும், எரிந்த எரிவாயுவும், உழவனின் வியர்வையும் உடன் வீணாகின்றன. பின்னர் அச்சோறு பிளாஸ்டிக் பையில் கட்டப்பட்டுக் குப்பைமேட்டில் புதைகின்றது. காற்றில்லா இடத்தில் அழுகி மீத்தேனாகின்றது. மண்ணில் காற்றுப்பட மட்கியிருந்தால் அதே சோறு எருவாகியிருக்கும். இரண்டிற்கும் இடையே உள்ள வேறுபாடு, சமையற்கட்டில் தனியாக ஒரு வாளி வைப்பதுதான்.

ஆலயங்களுக்கு இதில் தனிப் பொறுப்புண்டு. அன்னதானம் தமிழர் பேணும் அறங்களுள் தலையாயது. 1867ஆம் ஆண்டில் வள்ளலார் வடலூரில் தருமச்சாலை தொடங்கிய நோக்கம் பசித்தோர் பசி தீர்ப்பது. பந்தியின் பெருமை வயிறு நிறைந்தோரின் எண்ணிக்கையால் அளக்கப்பட வேண்டுமேயன்றி, இலையில் குவிந்த குவியலால் அன்று. திருவிழா நாளன்று பந்தி எழுந்த பின் மடிக்கப்படும் இலைகளுள் பாதிச் சோறு தொடப்படாமல் கிடப்பதும், தொட்டி நிறைந்து வழிவதும் பல ஊர்களில் காணும் காட்சி. உபயகாரரின் பொருளும் சமையற்காரரின் உழைப்பும் அங்கே புதைகின்றன.

இதனை மாற்ற வழிகள் பல. முதற் பரிமாறலைச் சிறிதாக்கி, கேட்போர்க்கு மறுமுறை தாராளமாக இடலாம். உபயகாரரிடம் வருவோர் எண்ணிக்கையை முன்கூட்டியே கேட்டு உலை வைக்கலாம். அண்டாவில் தொடப்படாமல் மிஞ்சியதை அன்றே முதியோர் இல்லத்திற்கும் சிறுவர் இல்லத்திற்கும் அனுப்ப, இளைஞர் பகுதியினரை ஆயத்தமாக வைத்திருக்கலாம். காய்கறித் தோலையும் மாலைப் பூவையும் வாழையிலையையும் பிளாஸ்டிக்கோடு கலவாமல் பிரித்து, ஆலயத் தோட்டத்திற்கு எருவாக்கலாம்.

இவற்றோடு சிறு செயல் ஒன்றும் உண்டு. ஆலயக் குழுக்கள் ஆண்டுதோறும் வரவு செலவைக் காசு பிசகாமல் அச்சிடுகின்றன. அதே பக்கத்தில் இன்னும் ஒரு வரியைச் சேர்க்கலாம்: திருவிழாவில் எத்தனை பேர் உண்டனர், எத்தனை கிலோ உணவு மிஞ்சி எறியப்பட்டது என்னும் கணக்கு. ஒரு தராசும் ஒரு குறிப்பேடும் போதும். எழுதப்படாத இழப்பு எவர் கண்ணிலும் படுவதில்லை. எழுதப்பட்ட எண் அடுத்த ஆண்டு குறைய வேண்டும் என்ற எண்ணத்தைத் தானே உண்டாக்கும்.

சிறிதும் பெரிதும்

ஓர் ஆலயத்தின் இலைக் கணக்கால் உலக வெப்பம் தணியுமா என்று கேட்கலாம். தனியே தணியாது. நாட்டின் வாயுவில் பெரும்பகுதி எரிசக்தியிலிருந்தே எழுகின்றது. அதைக் குறைப்பது அரசுக்கும் மின் துறைக்கும் போக்குவரத்துத் துறைக்கும் உரிய பெருங் கடமை. 2050ஆம் ஆண்டை ஒட்டி நிகர வெளியேற்றத்தைச் சுழியமாக்கும் இலக்கை மலேசியா 2021ஆம் ஆண்டில் அறிவித்தது. இலையைக் காட்டி அக்கடமையிலிருந்து எவரும் தப்புதல் கூடாது. அதேபோல், அரசின் கடமையைக் காட்டி இலையை மறத்தலும் கூடாது.

நீரில் இருக்க வேண்டிய கரியை வெளியே எடுத்ததும், மண்ணுக்குப் போக வேண்டிய எச்சத்தைக் குப்பையில் புதைத்ததும் நிலத்தையும் உணவையும் பற்றிய குறைகளுள் முதன்மையானவை. கரியை நீரிலும் எச்சத்தை மண்ணிலும் திரும்ப வைப்பதே பரிகாரம். முன்னதற்குச் சட்டமும் மதகும் தேவை. மக்களின் விழிப்பு தேவை. பின்னதற்குத் தேவையானவை ஒரு வாளி, ஒரு தராசு, சிறிது மனம். பின்னதை இவ்வாண்டுத் திருவிழாவிலேயே தொடங்கலாம்.